மஞ்சள் வைத்த கிளிப்

வண்டி பற்றிக்கொண்டது நல்ல உச்சி வெயிலில். காற்று என்று பேருக்குக்கூட இல்லை, தகரக் கூரை பொரிந்துகொண்டிருந்தது. கார் சீட்டு தைப்பது என் பிழைப்பு. தையல் மெஷினைத் தெருவைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். தைக்க எனக்குக் கை போதும், கண்ணைத் தெருவுக்குக் கொடுத்துவிடுவேன். வம்புக்கு அலைகிறவள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு நான் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால், நடந்தது இன்னதென்று எடுத்துச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு நாதி இருந்திருக்காது.

என் கடைக்கு நேர் எதிரே பட்டறை. பட்டறையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் எண்ணெய் ஊறிய தரை, பின்பக்கம் அடுப்பும் பாத்திரமும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. உள்ளே மூன்று பேர். இன்ஜின் வேலை பார்க்கிறவன் மெக்கானிக். அவன் தம்பி டிங்கர். நசுங்கிய தகடு தட்டுவான், பெயின்ட் அடிப்பான். மெக்கானிக்கின் பெண்டாட்டி ஒயரிங். கல்யாணமாகி வரும்போதே கையில் சால்டரிங் அயர்னோடு வந்தவள். லாரிக்காரர்கள் டைனமோவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பார்கள். "மெக்கானிக் இருக்காரே" என்றால், "அவர் கிடக்கட்டும், அக்கா வரட்டும்" என்பார்கள். இது மெக்கானிக்கின் காதில் விழாமல் இருக்குமா? விழுந்தது. ராத்திரி அவள் கன்னத்திலும் விழுந்தது.

கார் பல் டாக்டருடையது. அவர் அப்பா ஓட்டிய பழைய வண்டி. வட்ட மூக்கு, கரும்பச்சை நிறம், திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து குட்டிக் கை மாதிரி ஒன்று வெளியே நீளும், அதுதான் இண்டிகேட்டர். டாக்டர் அதைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார். இன்ஜினை இறக்கி வேலை பார்க்கக் கொடுத்திருந்தார். வேலை முடிந்து, ஓட்டிப் பார்க்கிற நாள் அது.

மெக்கானிக்கிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நட்டையோ கிளிப்பையோ முழுசாக இறுக்கி முடித்ததும், தீக்குச்சி நுனியில் மஞ்சள் பெயின்ட் தொட்டு அதன்மேல் ஒரு புள்ளி வைப்பான். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் யாரும் அதில் கை வைக்கக்கூடாது. ஒருமுறை தம்பி, மஞ்சள் வைத்த நட்டு ஒன்றைச் சும்மா ஸ்பேனர் போட்டுப் பார்த்தான். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டான். தம்பியின் விரல் விளிம்பில் இருக்கும்போதே பானெட்டைச் சாத்தினான். நகம் கறுத்து விழுந்து, கோணலாக முளைத்தது. இன்றைக்கும் அந்த விரல் அப்படித்தான் இருக்கிறது.

அன்றைக்கு மெக்கானிக் டிரைவர் சீட்டில் இருந்தான். அவள் பானெட்டுக்குள் குனிந்து டைனமோவில் கரன்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி சுவரோரம் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தான். இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. மெக்கானிக் ஆக்சிலேட்டரை மிதித்தான். பெட்ரோல் நாற்றம் என் கடை வரைக்கும் வந்தது. என்னடா இது என்று நான் தலையைத் தூக்குவதற்குள் பொக்கென்று ஒரு சத்தம், பானெட்டுக்கு மேலே ஆள் உயரத்துக்குத் தீ.

புடவைமேல் அவள் போட்டிருந்த சட்டையின் இடது கை பற்றிக்கொண்டது. அந்தக் கையோடுதான் பாட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். பிறகுதான் தண்ணீர் டிரம்மில் கையை விட்டாள். தம்பி மணல் வாளியைத் தூக்கி இன்ஜின்மேல் கொட்டினான், மறு வாளி, அதற்கப்புறம் ஈரச் சாக்கு, கடைசியில் தண்ணீர். சரி, மெக்கானிக் எங்கே என்கிறீர்களா? கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து என் கடை வாசலில் நின்றிருந்தான். முகம் வெளுத்துப்போய், வாய் திறந்தபடி. நான் அவனைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

பயந்தவன் பயந்தான், அதில் என்ன இருக்கிறது? நெருப்பைக் கண்டால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் தெருவே எட்டிப் பார்க்கிறது, பெண்டாட்டியும் தம்பியும் தீயை அணைத்துவிட்டார்கள், இவன் சீட்டுக் கடை வாசலில் நிற்கிறான். அந்த அவமானம் அவனால் தாங்க முடியவில்லை. புகை அடங்கியதும் விறுவிறுவென்று உள்ளே போனான். ஆணியில் தொங்கிய பழைய ஃபேன் பெல்ட்டை எடுத்தான்.

"ஒயரை ஷார்ட் பண்ணிட்டியேடி. வண்டியைக் கொளுத்திட்டியே."

"ஷார்ட் இல்லைங்க. பெட்ரோல் அடிச்சுது. என் மூஞ்சியிலயே அடிச்சுது."

"எதிர்த்துப் பேசுவியா?"

பெல்ட் முதுகில் விழுந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. அவள் டிரம்மிலிருந்து கையை எடுக்கவில்லை. கையை எடுத்தால் எரியும், எடுக்காவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். நின்றாள். நான் தெருவைக் கடந்து உள்ளே போவதற்குள் கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று. தம்பி காலி வாளியைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அவன் அண்ணன்மேல்கூட அவ்வளவு வரவில்லை.

"அடிச்சது போதும். கையைப் பாருய்யா, தோல் உரிஞ்சு தொங்குது" என்றேன்.

அவன் பெல்ட்டைப் போட்டுவிட்டு கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்தான், புண்ணில் தடவுவதற்கு. நான் டப்பாவைப் பிடுங்கி வீசினேன். ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டுத் திரும்பி வரும்போது பல் டாக்டர் வந்திருந்தார். கருகிய வண்டிக்குப் பக்கத்தில், எண்ணெய்த் தரை என்றும் பார்க்காமல், வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பானெட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. கண்ணாடி ஒரு பக்கம் வெடித்திருந்தது. ஜன்னல் வழியாகத் தண்ணீரும் மணலும் போய், நான் போன வருஷம் தைத்த சீட்டு ஊறிக் கிடந்தது.

"ஒயரிங்ல ஷார்ட் சார்" என்றான் மெக்கானிக். "வீட்டு ஆளுன்னு நம்பி விட்டேன். பொம்பளை வேலை அப்படித்தான். இனிமே அவளை ஒயரைத் தொட விடமாட்டேன்."

டாக்டர் அவள் கட்டைப் பார்த்தார். "பழையபடி ஓட வெச்சுக் குடுங்க. அது போதும்" என்று மட்டும் சொன்னார்.

இந்தச் சேதி அன்று சாயங்காலமே டீக்கடை வரைக்கும் போய்விட்டது. அடுத்த வாரம் அவளைத் தேடி ஒரு லாரிகூட வரவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த செல்ஃப் மோட்டாரைக்கூட ஒருத்தன் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனான். "அக்காவுக்குக் கை சரியில்லையே, அதான்" என்றான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"என்கூட வந்துடு" என்றேன் நான். "ரெக்ஸின் வெட்டறதுக்கு ஆள் வேணும். சோறு பொங்கிச் சாப்பிடலாம். இவன்கிட்ட ஏன் கிடந்து சாவற?"

"வர்றேங்க்கா. வண்டி ஸ்டார்ட் ஆனப்பறம் வர்றேன்."

"வண்டி கிடக்குது குப்பை."

"இப்ப வந்தா கொளுத்திட்டு ஓடிட்டாள்னு ஆயிடும். அப்பறம் எந்த ஊருக்குப் போனாலும் எவனும் எனக்கு ஒரு பல்பு மாட்டக்கூடக் குடுக்கமாட்டான். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான். நான் கொளுத்தலன்னு அவர் வாயால வரணும். இல்லாட்டி இந்த வண்டி என் ஒயர்ல ஓடணும்."

அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒற்றைக் கையால் முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினாள். ஓடு உள்ளே விழுந்துவிட்டது. நான் பொறுக்கி எடுத்தேன்.

வேலையை ஆரம்பித்தார்கள். எனக்கும் அங்கேதான் வேலை. சீட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கைக் கழுவி, துரு சுரண்டி, புதுசாக நார் திணித்துத் தைக்கவேண்டும். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். கருகிய ரப்பரும் ஈர நாரும் சேர்ந்தால் சாப்பிடுகிற சோற்றில்கூட அதுதான் மணக்கும். தம்பி இன்ஜினிலிருந்து எரிந்ததையெல்லாம் கழற்றி ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தான். கார்புரேட்டர் உருகி வழிந்து ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. திடீரென்று கை நின்றது.

"அண்ணி, இங்க வாங்க. அக்கா, நீங்களும் வாங்க."

பெட்ரோல் பம்பின் மூக்கில் ஒரு கிளிப். ரப்பர் பைப் முழுசாக எரிந்துபோய், கிளிப் மட்டும் வளையல் மாதிரித் தொங்கியது. அவன் அதன் ஸ்குருவை நகத்தால் தள்ளினான். அது பாட்டுக்குச் சுற்றியது. பெயின்ட் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தான். கரிக்கு அடியில், தீய்ந்து பழுப்பாகிப்போன மஞ்சள்.

"இது பழைய கிளிப்" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு. "புதுப் பைப்புக்குப் புதுக் கிளிப்தான் வாங்கிட்டு வந்தேன். அளவு பெருசுன்னு அண்ணன் பழசையே எடுத்து மாட்டுச்சு. கையால மாட்டிட்டு சாப்பிடப் போச்சு. வந்து பாத்தப்ப இதுல மஞ்சள் இருந்திருக்கு. எப்பவோ வெச்ச மஞ்சள். இறுக்கியாச்சுன்னு நினைச்சுடுச்சு."

"தொட்டுப் பாக்கலையா?" என்றேன்.

"மஞ்சள் இருந்தா அண்ணனே தொடாது."

அவள் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அடி வாங்கியபோது வராத கண்ணீர்.

நாங்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டிருந்ததில், மெக்கானிக் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் பார்த்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என்னவோ சொல்லப்போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். சொல்லியிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். பாழாய்ப்போனவன், வாயை மூடிக்கொண்டான். கிளிப்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான்.

"நீ எனக்கு வேலை சொல்லித் தர்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. அண்ணி மேல தப்பு இல்லன்னுதான்..."

வீல் ஸ்பேனர் மெக்கானிக் கையில் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. தம்பியின் வாயில் விழுந்தது. தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவன் உட்கார்ந்தான். மறு அடி தோளில். மூன்றாவது அடிக்கு அவள் குறுக்கே போய்ப் படுத்தாள். அந்த அடி கட்டுப் போட்ட கையில் விழுந்தது. அவள் அலறியதில் தெருவே கதவைத் திறந்தது. அதற்கப்புறம்தான் ஸ்பேனர் கீழே விழுந்தது. தம்பி குனிந்து ரத்தத்தைத் துப்பினான். எண்ணெய்த் தரையில் பல் ஒன்று வெள்ளையாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கும் நான்தான், பல் டாக்டருக்கும் நான்தான். அந்த வீட்டுக்கு நான் ஆம்புலன்ஸ் மாதிரி ஆகிவிட்டேன்.

டாக்டர் தம்பியின் வாயைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தார்.

"எப்படிப் போச்சு?"

"விழுந்துட்டேன் சார்."

"எது மேல?"

"தரை மேல."

"தரை எழுந்து வந்து அடிச்சுதா? விழுந்தா உதடும் தாடையும் கிழிஞ்சிருக்கும். பக்கத்துப் பல்லு மூணும் இப்படி உள்பக்கமா சாயாது."

தம்பி என் புடவையைப் பிடித்து இழுத்தான், பேசாதே என்று. நான் பேசாமல் இருக்கிற ஆளா?

"ஒயரிங் இல்ல டாக்டர். பெட்ரோல் பைப் கிளிப்பு. இறுக்கவே இல்ல. என் கண்ணால பாத்தேன்."

"எங்க அந்தக் கிளிப்?"

"சாக்கடையில எறிஞ்சுட்டான்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவர் ஒண்ணு சொல்றார். எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்மா? எங்கப்பாவுக்குத் தெரியும். எனக்கு ஓட்டத்தான் தெரியும்." கொஞ்ச நேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "ஸ்டார்ட் பண்ற அன்னிக்கு நான் வர்றேன். என் கண் முன்னாடிதான் ஸ்டார்ட் பண்ணணும்னு சொல்லிடுங்க."

அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் பேச்சு என்பதே இல்லை. தகடு தட்டுகிற சத்தமும் என் மெஷின் சத்தமும்தான். ஒயரைத் தொட விடமாட்டேன் என்றவன், வெளி ஆளுக்குக் கூலி கொடுக்க மனசில்லாமல் ஒயரிங்கை அவளிடமே விட்டான். அவள் எரிந்த ஒயரை முழுசாக உருவிப் போட்டுவிட்டு, புது ஒயரை அளந்து வெட்டித் தரையில் பரப்பினாள். முன் விளக்குக்கு இது, பின் விளக்குக்கு இது, ஹார்னுக்கு இது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கட்டுப் போட்ட கை நுனியில் இரண்டு விரல் மட்டும்தான் அசையும். நான் ஒயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். அவள் டேப் சுற்றிக்கொண்டே போவாள். வலித்தால் நிறுத்தி, உதட்டைக் கடித்துவிட்டு, மறுபடி சுற்றுவாள்.

"கொஞ்சம் உக்காரேண்டி" என்பேன்.

"உக்காந்தா வலிக்குதுக்கா. சுத்தினா மறந்துடுது."

முழு ஒயர்க் கட்டும் முடிந்து, ஜடை பின்னி முடித்த மாதிரி அழகாகத் தரையில் கிடந்தது. அன்றைக்கு ஒரு கிழ லாரி டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஒத்தைக் கையால என்னம்மா போட்டிருக்க, கம்பெனி ஒயரிங் தோத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், நல்ல எண்ணத்தில் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் மெக்கானிக் கட்டிங் பிளேயரோடு வந்தான். குனிந்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டே போனான். வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி, நிதானமாக. அவள் தடுக்கவில்லை. தடுத்தால் என்ன நடக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"கை ஒடிஞ்சு போறவனே" என்றேன் நான். வாய் நிற்கவில்லை. "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எத்தனை நாள் வேலை அது?"

"சீட்டுத் தைக்க வந்தா சீட்டைத் தைச்சுட்டுப் போங்க. வீட்டு விஷயத்துல தலையிட்டா உங்களுக்கும் பல்லு இருக்காது."

"வந்து பாரேன். என் கையில இருக்கிற கத்தரி ரெக்ஸினை மட்டும்தான் வெட்டும்னு நினைச்சியா?"

அவன் கத்தரியைப் பார்த்தான். காறித் துப்பிவிட்டு வெளியே போனான். அவள் வெட்டிய துண்டுகளைக் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டு, புதுச் சுருளைப் பிரித்து, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள். தம்பி பொறுமையாக வந்து என் கையிலிருந்த முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டான். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து, அவன் மூச்சு விடுவதே விசில் மாதிரிக் கேட்டது.

"நான் பிடிச்சுக்கிறேன் அண்ணி. நீங்க சுத்துங்க."

ஸ்டார்ட் பண்ணும் நாளில் காலையில் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. வண்டியைப் பார்த்தால் நெருப்புப் பட்டது என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். தம்பி அந்தக் கரும்பச்சையை அப்படி இழைத்திருந்தான். சீட்டைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் நன்றாக வந்திருந்தது. இன்ஜினில் மெக்கானிக் தன் வேலையைச் சுத்தமாகத்தான் முடித்திருந்தான். அந்தக் கையில் வேலை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு நட்டிலும் கிளிப்பிலும் புது மஞ்சள் பளிச்சென்று இருந்தது.

டாக்டர் வந்தார். அந்தப் பட்டறையில் வழக்கம் ஒன்று உண்டு. வேலை முடிந்து முதல் முறை ஸ்டார்ட் பண்ணும்போது மெக்கானிக்தான் சீட்டில் உட்காருவான். மற்றவர்கள் மணல் வாளியோடு சுற்றி நிற்கவேண்டும். தம்பி வாளியைத் தூக்கிக்கொண்டான். அவள் பாட்டரி ஒயரை மாட்டி முறுக்கினாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றான் மெக்கானிக், சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு. "ஒயரிங் அவளோடது. எதுவும் சொல்றதுக்கில்ல."

அவள் பானெட்டைச் சாத்தினாள். சாத்திவிட்டு, அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு விஷயம். காலையில ஹார்ன் ஒயரை உள்ள விடறதுக்காக பெட்ரோல் பைப் கிளிப்பைக் கழட்டி மறுபடி மாட்டினேன்."

சாவியில் இருந்த அவன் கை நின்றது.

"மஞ்சள் வெச்சதைத் தொட்டியா?"

"மறுபடி மஞ்சள் வெச்சுட்டேன்."

"இறுக்கினியா?"

"மஞ்சள் இருக்கு."

"இறுக்கினியான்னு கேக்கறேன்."

"மஞ்சள் இருந்தா கேக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொல்வீங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. போன தடவையும் மஞ்சளைப் பாத்துட்டுத்தானே ஸ்டார்ட் பண்ணீங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மெக்கானிக்கின் நெற்றியில் வேர்வை பொடித்தது. சாவியைத் திருப்பவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. இவள் நிஜமாகவே இறுக்காமல் விட்டிருப்பாளோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

கதவு படாரென்று திறந்தது. இறங்கியவன் கையில், பழைய வண்டியைக் கிளப்ப முன்பக்கம் போட்டுச் சுற்றுகிற இரும்பு ராடு. அவள் பின்னால் நகர்ந்தாள். முதல் வீச்சு அவள் தலைக்கு வந்தது. அவள் குனிந்ததால் வண்டியின் புது மட்கார்டில் விழுந்து, பெயின்ட் சில்லாகத் தெறித்தது. அப்பாவின் வண்டி, ஆனாலும் டாக்டர் அசையவில்லை. இரண்டாவது வீச்சு அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது முறை ராடு மேலே போனபோது தம்பி வாளியைத் தூக்கி அண்ணன் முகத்தில் மணலைக் கொட்டினான். அதோடு விடவில்லை. காலி வாளியாலேயே முகத்தில் ஒரு அடி அடித்தான்.

"போதும்ண்ணே" என்றான், விசிலும் வார்த்தையுமாக. "போதும்."

மெக்கானிக் முழங்காலில் விழுந்தான். ராடு உருண்டு போய் என் காலடியில் நின்றது. நான் அதன்மேல் மிதித்து நின்றேன். அவன் கண்ணைத் திறக்கமுடியாமல் மணலைத் துப்பினான். மூக்கிலிருந்து ரத்தமும் மணலும் சேறாக வழிந்தது. யாரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

"எழுந்திருங்க" என்றார் டாக்டர். குரல் பல் பிடுங்கும்போது பேசுகிற மாதிரிதான் இருந்தது. "பானெட்டைத் திறங்க. அந்தக் கிளிப்பைத் தொட்டுப் பாருங்க."

அவன் வண்டியைத் தடவிக்கொண்டே முன்பக்கம் போனான். கண் தெரியாததால் எல்லாவற்றையும் கையால்தான் தேடவேண்டியிருந்தது. பம்பைத் தேடி, அதன் மூக்கைத் தேடி, கிளிப்பைத் தொட்டான். திருகிப் பார்த்தான். அசைத்துப் பார்த்தான். நகத்தால் தள்ளினான். அசையவில்லை. அவள் ஒற்றைக் கையால் அதை அவ்வளவு இறுக்கி வைத்திருந்தாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கு சார்."

"அன்னிக்கு இப்படித் தொட்டுப் பாத்தீங்களா?"

தகரத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. கூடியிருந்த தெரு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிழ லாரி டிரைவரும் நின்றிருந்தார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு கிளிப்பின் மேலேயே கையை வைத்திருந்தான்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் டிரைவர் சீட்டில் ஏறினாள். நான் தைத்த சீட்டு. அவள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் மெதுவாக இறங்கியது. அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாவியைத் திருப்பினாள். செல்ஃப் ஒரு தடவை இழுத்தது, இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவள் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தாள்.

மெக்கானிக் ஓடினான்.

கையால் தொட்டுப் பார்த்தவன். இறுக்கமாக இருக்கிறது என்று தன் வாயாலேயே சொன்னவன். இன்ஜின் உறுமியதும் ஓடினான். கண் தெரியாமல் பட்டறை கேட்டில் முட்டி, விழுந்து, எழுந்து, தெருவைக் கடந்து, என் கடை வாசலில் போய் நின்றான். அதே இடம். வாய் திறந்தபடி. இந்த முறை பார்த்தது நான் மட்டும் இல்லை, தெருவே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். முன் விளக்கு எரிந்தது. வைப்பர் ஓடியது. கதவுத் தூணிலிருந்து குட்டிக் கை வெளியே நீண்டு, மறுபடி உள்ளே போனது. தம்பி பின்னால் போய், "எரியுது அண்ணி, ரெண்டும் எரியுது" என்றான். கடைசியாக ஹார்னை அடித்தாள். நீளமாக அடித்தாள்.

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, நல்ல கையால் டாக்டரிடம் நீட்டினாள். உடைந்த தோள் பக்கமாகச் சாய்ந்துகொண்டுதான் நின்றாள்.

"மட்கார்டை டிங்கர் சரி பண்ணிக் குடுத்துடுவார் சார்" என்றாள். "ஒயரிங்ல ஏதாச்சும் குறை வந்தா எதிர்ல இருக்கிற சீட்டுக் கடைக்கு வாங்க. நான் அங்கதான் இருப்பேன்."